துருவ இருட்டில் பத்து குதிரைகள்: கேப்டன் ஓட்ஸ் செய்த வேலை என்ன?

லாரன்ஸ் ஓட்ஸ் என்ற பெயர் உலகத்துக்கு நினைவிருப்பது அவருடைய கடைசி நடைக்காக. 1912 மார்ச்சில், அன்டார்க்டிகாவில் பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தபோது கூடாரத்தைவிட்டு வெளியே போனார். திரும்பி வரவே இல்லை. கால் அழுகிப்போன தன்னால் மற்ற மூன்று பேரும் தாமதமாகிறார்கள் என்று நினைத்து எடுத்த முடிவு அது. பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை.

ஆனால், ராபர்ட் ஸ்காட் அவரைத் தென்துருவப் பயணத்தில் சேர்த்துக்கொண்டது குதிரை பார்க்கத்தான். நான்கு மாதம் சூரியனே உதிக்காத ஊரில், வயசான, நோஞ்சான் குதிரைகளைச் சாகாமல் காப்பாற்றி, வசந்தம் வந்ததும் வண்டி இழுக்கும் அளவுக்குத் தயார் செய்ய வேண்டும். இதுதான் வேலை. அதை அவர் செய்தும் காட்டினார். அப்படியும் அந்தப் பயணம் ஏன் தோற்றது என்று பார்த்தால், பதிலில் பாதி அந்தக் குதிரை லாயத்தில்தான் இருக்கிறது.

(தமிழில் எழுதும்போது ஒரு சின்னச் சங்கடம்: இவர் பெயரும் குதிரைக்குப் போடும் ஓட்ஸ் தானியமும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே ஓட்ஸ் என்றால் ஆள். தீவனத்தைச் சொல்லும்போது தானியம் என்று சேர்த்தே வரும்.)

யார் இந்த ஓட்ஸ்?

1880 மார்ச் 17-ல் லண்டனின் பட்னி பகுதியில் பிறந்தவர். வசதியான குடும்பம். எசெக்ஸ் மாவட்டத்தில் கெஸ்டிங்தார்ப் என்ற கிராமத்தில் பெரிய பங்களா, நிலம், குதிரைகள். பெரியவர்கள் சேர்த்துவிட்டது ஈட்டன் பள்ளியில். உடம்பு ஒத்துழைக்காததால் இரண்டு வருஷம்கூட அங்கே படிக்கவில்லை. படிப்பும் சுமார்தான். 16 வயதில் அப்பா இறந்துபோனார். அதன்பிறகு அவரைப் பிடித்து வைத்திருந்தவை இரண்டு: அம்மா கரோலின், அப்புறம் குதிரைகள்.

1900-ல் இன்னிஸ்கில்லிங் டிராகூன்ஸ் என்ற குதிரைப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே தென்னாப்பிரிக்காவில் போயர் போர். ஒரு சிறிய ரோந்துக் குழுவோடு மாட்டிக்கொண்டபோது எதிரி சரணடையச் சொல்லியும் மறுத்தார். இடது தொடையில் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கியது. பிழைத்தார், ஆனால் இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. நடந்தால் லேசாக நொண்டுவார். குதிரைமேல் ஏறிவிட்டால் அது யாருக்கும் தெரியாது.

பிறகு அயர்லாந்து, எகிப்து, இந்தியா. இந்தியாவில் அவர் இருந்தது மத்தியப் பிரதேசத்தின் மாவ் ராணுவக் குடியிருப்பில். அம்பேத்கர் பிறந்த அதே ஊர். அங்கே போர் எதுவும் இல்லை, சலித்துப்போனார். வேட்டை நாய்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து வளர்த்துப் பொழுதைப் போக்கினார். அந்தச் சமயத்தில்தான் ஸ்காட் தென்துருவத்துக்கு ஆள் எடுக்கிறார் என்ற செய்தி வந்தது.

விண்ணப்பித்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஓட்ஸ் ஒரு குதிரைப்படை கேப்டன் என்பதோடு, பயணச் செலவுக்குத் தன் பங்காக 1,000 பவுண்டு கொடுக்கவும் தயாராக இருந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பதிலுக்கு அவருக்குக் கிடைத்த சம்பளம் மாதம் 1 ஷில்லிங். டெர்ரா நோவா கப்பலுக்கு வந்து சேர்ந்தபோது போட்டிருந்த நைந்த கோட்டைப் பார்த்து, மாலுமிகள் அவரை ராணுவ அதிகாரி என்றே நம்பவில்லை. யாரோ விவசாயி என்று நினைத்தார்களாம்.

வாங்கியது ஒருவர், பார்த்துக்கொண்டது இன்னொருவர்

இங்கேதான் முதல் கோளாறு. குதிரைகளை வாங்கும் இடத்துக்கு ஓட்ஸை அனுப்பவில்லை. அந்தப் பொறுப்பு செசில் மியர்ஸ் என்பவருக்குப் போனது. மியர்ஸ் நாய் விஷயத்தில் கெட்டிக்காரர். சைபீரியாவில் பார்த்துப் பார்த்து நல்ல நாய்களாக வாங்கினார். குதிரை அவருக்குத் தெரியாத சமாச்சாரம். ஆனாலும், நாய் வாங்கப் போகிறவர் அப்படியே குதிரையையும் வாங்கிவரட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஓட்ஸ் கப்பலில் மாலுமி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு ஸ்காட் ஒரு நிபந்தனை வேறு போட்டிருந்தார்: வெள்ளைக் குதிரைகள்தான் வேண்டும். காரணம், 1907-09ல் ஷாக்கிள்டன் நடத்திய பயணம். அவர் கொண்டுபோன மஞ்சூரிய மட்டக்குதிரைகளில் கருத்தவை முதலில் செத்து, வெளுத்தவை கடைசிவரை தாக்குப்பிடித்தன. அதனால் வெள்ளை நிறம் என்றால் குளிரைத் தாங்கும் என்று முடிவுகட்டிவிட்டார். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்து அப்படியொரு முடிவுக்கு வந்திருக்கவே கூடாது. ஷாக்கிள்டனின் குதிரைகள் சில செத்தது உப்புக்கு ஏங்கி எரிமலை மணலைத் தின்றதால். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளை மட்டும் என்று கேட்டதும் மஞ்சூரியச் சந்தையில் தேர்ந்தெடுக்க இருந்த குதிரைகள் ரொம்பக் குறைந்துபோயின. வியாபாரிகள் கழித்துக்கட்ட நினைத்தவை மியர்ஸ் தலையில் வந்து விழுந்தன.

மொத்தம் 19 குதிரைகள் விளாடிவாஸ்டாக்கில் கப்பலேறி, நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் க்வெயில் தீவுக்கு வந்து சேர்ந்தன. ஓட்ஸ் அவற்றை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குறைப்பட்டியல் எழுதினார்: வயசானது, நொண்டி, முட்டி தட்டும் கால், குறுகிய மார்பு, கண் கோளாறு, காற்றை விழுங்கும் கெட்ட பழக்கம். ஸ்காட்டிடம் சொன்னார். ஸ்காட்டுக்கு ஓட்ஸ் எப்போதும் எதையாவது குறை சொல்லும் வேடிக்கையான ஆள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீவனத்திலும் இழுபறி. கப்பலில் இடமில்லை என்று அளவைக் குறைத்தார்கள். ஓட்ஸ் வாதாடினார், போதாததற்குச் சொந்தக் காசில் கூடுதல் தீவனம் வாங்கி ஏற்றினார். தேர்ந்தெடுத்தது தான் இல்லை என்றாலும் கையில் வந்துவிட்டால் பட்டினி போடக் கூடாது என்பது அவர் கணக்கு.

ஐந்து வாரம் நின்றபடியே

1910 நவம்பர் 29-ல் நியூசிலாந்தைவிட்டு டெர்ரா நோவா கிளம்பியது. குதிரைகளுக்குக் கப்பலில் கிடைத்தது உடம்பை ஒட்டிய குறுகலான மரத்தடுப்பு. படுக்க முடியாது, ஐந்து வாரமும் நின்றபடியேதான். டிசம்பர் 1, 2 தேதிகளில் கடும் புயல். கப்பல் சாயும்போதெல்லாம் குதிரைகள் கால் வழுக்கி விழுந்தன. இரவு முழுக்க ஓட்ஸ் அவற்றுக்கு நடுவே நின்று, விழுந்ததைத் தூக்கி நிறுத்திக்கொண்டே இருந்தார். அப்படியும் இரண்டு செத்தன. மீதி 17 குதிரைகள் 1911 ஜனவரியில் ராஸ் தீவின் கேப் எவன்ஸ் கரையில் இறங்கின. இறங்கியதும் பனியில் புரண்டு உருண்டன. அத்தனை நாள் நமைச்சல்.

எட்டு போய், இரண்டு வந்தன

தென்துருவப் பயணம் அடுத்த கோடையில்தான். அதற்கு முன்பு, போகும் வழியில் உணவையும் எரிபொருளையும் கொண்டுபோய்ச் சேமித்து வைக்க வேண்டும். அதற்காக 1911 ஜனவரி 24-ல் எட்டு குதிரைகளோடு கிளம்பினார்கள்.

பனியில் குதிரைக்கு என்ன பிரச்சினை? நாய் எடை குறைவு, மேலாகவே ஓடிவிடும். குதிரையின் முழு எடையும் நான்கு சின்னக் குளம்புகளில் இறங்குகிறது. மெல்லிய பனி ஓடு உடைந்து வயிறுவரை புதைந்துவிடும். இன்னொன்று, குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அப்படி இல்லை. வேலை செய்து வியர்த்த குதிரை நின்றதும், அந்த வியர்வை ரோமத்திலேயே பனிக்கட்டியாகிவிடும். வறண்ட குளிரைக் குதிரை நன்றாகவே தாங்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால்தான் கொல்லும். இந்தக் குதிரைகளுக்கு அப்போது குளிர்கால ரோமமும் முழுதாக வளர்ந்திருக்கவில்லை. முதல் பனிப்புயலிலேயே துவண்டுபோயின.

ஓட்ஸையும் ஒரு விஷயத்தில் குறை சொல்லத்தான் வேண்டும். குதிரையின் குளம்பில் கட்டுகிற வட்டமான பனிக்காலணிகள் இருந்தன. அவர் அதை நம்பவே இல்லை. பெரும்பாலானவற்றை முகாமிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கையில் இருந்த ஒரே ஜோடியை வியரி வில்லி என்ற சோம்பல் குதிரைக்கு மாட்டிப் பார்த்ததும், அது சர்வசாதாரணமாக நடந்தது. திரும்பிப் போய் எடுத்துவர வழியில்லை.

சேமிப்புக் கிடங்கை 80 டிகிரி தெற்கு அட்சரேகையில் அமைப்பது திட்டம். குதிரைகள் தள்ளாடின. பலவீனமானதை மேலும் ஓட்டிப் போய், முடியாதபோது கொன்று, இறைச்சியை அங்கேயே சேமித்துவிடலாம் என்பது ஓட்ஸின் யோசனை. கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் குதிரைகளை உயிராக நேசித்தவரே சொன்னது அது. ஸ்காட் ஒப்புக்கொள்ளவில்லை. விலங்குகள் படும் பாட்டை இனிமேல் பார்க்க முடியாது என்று மறுத்துவிட்டார். பிப்ரவரி 17-ல், 79 டிகிரி 29 நிமிடத்திலேயே சரக்கை இறக்கினார்கள். ஒன் டன் டிப்போ என்று பெயர். திட்டமிட்ட இடத்துக்குச் சுமார் 57 கிலோமீட்டர் முன்பு. இந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரக்கப்பட்டுக் காப்பாற்றிய குதிரைகளும் பிழைக்கவில்லை. திரும்பும் வழியில் மூன்று சோர்ந்து செத்தன. நான்கு குதிரைகள் கடல்பனிமீது வந்துகொண்டிருந்தபோது, மார்ச் 1 அதிகாலையில் பனி உடைந்து மிதக்க ஆரம்பித்தது. சுற்றிலும் கொலைகாரத் திமிங்கிலங்கள். ஒரு குதிரை இரவோடு இரவாக மூழ்கிவிட்டது. தாண்டமுடியாமல் தண்ணீரில் விழுந்த இரண்டைத் திமிங்கிலத்துக்கு விடக் கூடாது என்று பனிக்கோடரியாலேயே கொல்ல வேண்டியதாயிற்று. அதில் ஒன்றைக் கொன்றவர் ஓட்ஸ். எட்டில் உயிரோடு திரும்பியவை நோபி, ஜேம்ஸ் பிக் என்ற இரண்டு மட்டும். முகாமில் இருந்த ஒன்றும் காரணம் தெரியாமல் இறந்தது. குளிர்காலம் தொடங்கும்போது ஓட்ஸ் கையில் இருந்தவை 10.

நான்கு மாத இருட்டு

கேப் எவன்ஸில் ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் மறைந்தால் ஆகஸ்ட் கடைசி வாரம்தான் திரும்ப எட்டிப்பார்க்கும். வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும். காற்று தனி.

மரக்குடிலின் காற்றுப்படாத பக்கத்தில், சுவரோடு சாய்த்து லாயம் கட்டினார்கள். வெளிச்சுவருக்குத் தீவன மூட்டைகளையும் அழுத்திய நிலக்கரிக் கட்டிகளையும் அடுக்கினார்கள். உள்ளே வரிசையாகத் தடுப்புகள். ஒரு முனையில் சீல் கொழுப்பை எரிக்கும் அடுப்பு. ஓட்ஸும் மியர்ஸும் சேர்ந்து உருவாக்கியது. புகையும் நாற்றமும் குடலைப் பிடுங்கும். ஆனால் குதிரைத் தீவனம் வேகவைக்கவும் பனியை உருக்கவும் அது போதும். மணிக்கணக்கில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் ஓட்ஸ். உதவிக்கு ஆன்டன் ஒமெல்செங்கோ என்ற குதிரைக்காரர். இன்றைய உக்ரைனைச் சேர்ந்தவர். இருவருக்கும் பொது மொழி கிடையாது.

சாப்பாடு எப்படி? காலையில் நறுக்கிய வைக்கோல். மதியம் நடைப்பயிற்சி முடிந்து வந்ததும் முதலில் பனி; தண்ணீருக்குப் பதிலாக அதைத்தான் தின்னும். பிறகு மறுபடியும் வைக்கோல், கூடவே ஒருநாள் ஓட்ஸ் தானியம், ஒருநாள் புண்ணாக்கு. மாலை 5 மணிக்குச் சூடான தவிட்டுக் கூழ், அதில் புண்ணாக்கோ வேகவைத்த தானியமோ கலந்திருக்கும். கடைசியாகக் கொஞ்சம் புல். நம்மூரில் குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்துக் கொடுப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்: எந்தத் தீவனத்தை எந்த வேலைக்காகக் கொடுக்கிறோம் என்பது.

புல், வைக்கோல் மாதிரி நார்த் தீவனம் குதிரையின் பெருங்குடலில் நொதித்துத்தான் செரிக்கிறது. அந்த நொதித்தலிலேயே வெப்பம் உண்டாகும். குளிர்காலத்தில் குதிரைக்கு உள்ளேயே ஒரு அடுப்பு எரிவது மாதிரி. அதனால்தான் குளிர் கூடும்போது தானியத்தைவிடப் புல்லைக் கூட்டுவது முக்கியம். ஆனால் இந்த மென்மையான, சூடான சாப்பாடு சதை போடத்தான் உதவும், உழைப்புக்குத் தயாராக்காது. ஓட்ஸுக்கு அது தெரியும். அதனால் இரண்டு கட்டமாகத் திட்டமிட்டார். இருட்டு முடியும்வரை உடம்பைத் தேற்றுவது. அக்டோபர் வந்ததும் கூழை நிறுத்தி, ஆறிய, கெட்டியான தானியத் தீவனத்துக்கு மாற்றி, நடைப்பயிற்சி நேரத்தைக் கூட்டுவது. குளிர்கால மாலைகளில் ஸ்காட் ஏற்பாடு செய்த உரைகளில் ஓட்ஸ் பேசியது இதைப்பற்றித்தான். அதிகம் பேசாத மனுஷன். அன்றைக்கு மற்றவர்கள் ரசித்துக் கேட்டார்கள்.

நடைப்பயிற்சிதான் பெரிய பாடு. மாதக்கணக்கில் தடுப்புக்குள் நின்றால் குதிரையின் கால் வீங்கும், குடல் மந்தமாகும், புத்தியும் கெடும். அதனால் இருட்டோ குளிரோ, புயல் இல்லாத நாளெல்லாம் கடல்பனியில் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு குதிரைக்கு ஒரு ஆள் என்று பிரித்துவிட்டார்கள். வில்சனுக்கு நோபி, பௌவர்ஸுக்கு விக்டர், செர்ரி-கராடுக்கு மைக்கேல், கிரீனுக்கு போன்ஸ், ஸ்காட்டுக்கே ஸ்னிப்பெட்ஸ். விஞ்ஞானி, மாலுமி, தலைவர் எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குதிரை ஒரே குரலுக்கும் ஒரே கைக்கும் பழகினால், பின்னால் வண்டி கட்டும்போது அடங்கும்.

யாராலும் அடக்கமுடியாத கிறிஸ்டோபர் என்ற முரட்டுக் குதிரையை ஓட்ஸ் தனக்கே வைத்துக்கொண்டார். கடிக்கும், உதைக்கும். வண்டி கட்ட வேண்டுமென்றால் முன்னங்கால் ஒன்றைக் கட்டி, நாலு பேர் சேர்ந்து மண்டியிட வைத்துச் சேணம் மாட்ட வேண்டும். கிளம்பிவிட்டால் அது நிற்காது; நடுவில் நிறுத்தினால் திரும்பக் கிளப்ப முடியாது. அதனால் கிறிஸ்டோபரோடு போகிறவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கே நிறுத்தம் கிடையாது.

பேன், குடல்புழு, இரவில் தடுப்பை உதைக்கும் சத்தம் என்று சில்லறைத் தொல்லைகளுக்குக் குறைவில்லை. ஜூலையில் வந்ததுதான் பெரிய பயம். நல்ல குதிரைகளில் ஒன்றான போன்ஸ் மதியம் தீவனத்தை ஒதுக்கியது. கொஞ்ச நேரத்தில் தரையில் புரள ஆரம்பித்தது. கடும் வயிற்றுவலி. மனுஷனுக்கு வயிற்றுவலி என்றால் ஒருநாள் கஷ்டம். குதிரைக்கு அப்படி இல்லை. அதற்கு வாந்தி எடுக்க முடியாது, குடலும் ரொம்ப நீளம். அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். ஓட்ஸ் அபின் மாத்திரை கொடுத்து, சூடான சாக்குகளால் ஒத்தடம் போட்டுக்கொண்டு கூடவே இருந்தார். கிரீன் பக்கத்திலேயே நின்றார். ஸ்காட் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். ஒரு குதிரை போனால் திட்டமே ஆட்டம் காணும் நிலை. நள்ளிரவுக்குப் பிறகு வலி தணிந்து போன்ஸ் எழுந்து நின்றது. பிறகு பார்த்தால், சரியாகச் செரிக்காத புல் ஒரு சின்ன உருண்டையாகச் சளி மூடி வெளியே வந்திருந்தது, உள்ளே நாடாப்புழுக்கள். அன்றிலிருந்து தீவனத்தின் ஒவ்வொரு பிடியும் கவனமாகப் பார்க்கப்பட்டது.

சூரியன் திரும்பியபோது 10 குதிரையும் உயிரோடு இருந்தன. அந்தக் குளிர்காலத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. குதிரை வியாபாரி கழித்துக்கட்டிய கூட்டத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்தது சாதாரண விஷயமில்லை. ஓட்ஸ் மட்டும் அவற்றைப் பார்த்துத் திருப்திப்படவே இல்லை. ஜேஹு, சைனாமேன் இரண்டும் சில நாள்கூடத் தாங்காது என்றே நினைத்தார்.

குதிரைக்காகக் காத்திருந்த நாட்கள்

நார்வேயின் அமுண்ட்சென் முழுக்க நாய்களை நம்பினார். அவர் அக்டோபர் 20-ஐ ஒட்டிக் கிளம்பிவிட்டார். வசந்தத்தின் ஆரம்பக் குளிரைக் குதிரைகள் தாங்காது என்பதால், ஸ்காட்டின் குதிரைகள் கேப் எவன்ஸைவிட்டுப் புறப்பட்டது நவம்பர் 1-ல். முந்திப் போன மோட்டார் வண்டிகள் சில நாட்களிலேயே பழுதாகி நின்றன. சுமை குதிரைமேல் விழுந்தது.

புதைபனி இரவில் கொஞ்சம் இறுகும் என்பதால் இரவில் நடந்தார்கள். முகாம் போட்டதும் ஆட்கள் சாப்பிடுவதற்கு முன்பு ஒவ்வொரு குதிரைக்கும் காற்றை மறைக்கப் பனிச்சுவர் எழுப்ப வேண்டும். அப்புறம் போர்வை, தீவனப் பை. நாய்க்கு இதெல்லாம் தேவையில்லை. பனிக்குள் சுருண்டு படுத்துவிடும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாய் இறைச்சி தின்னும். சீலோ, செத்த இன்னொரு நாயோ அதற்கு உணவாகும். குதிரைக்கு வேண்டிய ஒவ்வொரு கிலோ புல்லையும் அந்தக் குதிரையே இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் கண்டத்தில் ஒரு புல்கூட முளைக்காத பகுதி அது.

ஓட்ஸ் நம்பிக்கை வைக்காத ஜேஹு நவம்பர் 24 வரை தாக்குப்பிடித்தது. அன்றுதான் அதைச் சுட்டார்கள். நான்கு நாள் கழித்து சைனாமேன். டிசம்பர் 1-ல் கிறிஸ்டோபர். பிறகு விக்டர், மைக்கேல். இது முன்பே போட்ட திட்டம்தான்: சுமை குறையக் குறைய ஒவ்வொன்றாகக் கொன்று, இறைச்சியை நாய்களுக்கும் ஆட்களுக்கும் கொடுப்பது. டிசம்பர் 5 முதல் நான்கு நாள் ஈரமான பனிப்புயல் அடித்தது. வயிறுவரை புதைந்து, நனைந்து, தீவனமும் தீர்ந்து குதிரைகள் நடுங்கிக்கொண்டு நின்றன. புயல் விட்டதும் ஒருநாள் முழுக்க அவற்றை ஓட்டி, டிசம்பர் 9 இரவு பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில் மிச்சமிருந்த ஐந்தையும் சுட்டார்கள். அந்த இடத்துக்கு அவர்களே வைத்த பெயர் ஷாம்பிள்ஸ் முகாம். கசாப்புக்கூடம் என்று அர்த்தம்.

துப்பாக்கி பிடித்தது பெரும்பாலும் ஓட்ஸின் கை. குளிர்காலம் முழுக்கக் கூழ் காய்ச்சிக் கொடுத்தவர். அன்றிரவு வில்சன் அவரைப் பாராட்டினார். குதிரைகளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்ததற்கு ஸ்காட்டும் நன்றி சொன்னார்.

அதோடு அவர் வேலை முடிந்தது. குதிரை இல்லாத குதிரைக்காரர், குட்டையான காலோடு, இனிமேல் மற்றவர்களைப்போலத் தானே வண்டியை இழுக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும் குழுவில் போயிருக்கலாம். ஆனால் துருவத்துக்குப் போகும் ஐந்து பேரில் ஸ்காட் அவரையும் சேர்த்தார்.

57 கிலோமீட்டர்

1912 ஜனவரி 17-ல் துருவத்தை அடைந்தார்கள். அமுண்ட்சென் டிசம்பர் 14-லேயே வந்து கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார். திரும்பும் வழியில் ஷாம்பிள்ஸ் முகாமில் புதைத்து வைத்திருந்த குதிரை இறைச்சி கிடைத்தது. பல நாளுக்குப் பிறகு வயிறார ஒரு சாப்பாடு. அதற்கு முன்தினம்தான் எட்கர் எவன்ஸ் இறந்திருந்தார்.

ஓட்ஸின் பாதங்கள் உறைபனியில் கருத்துவிட்டன. காலையில் காலணிக்குள் காலை நுழைக்கவே மணிக்கணக்காகும். அவருக்காக மற்றவர்கள் காத்திருந்தார்கள். தூக்கப் பையிலேயே தன்னை விட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார், ஒருவரும் சம்மதிக்கவில்லை. மார்ச் 16-ஓ 17-ஓ, தேதி ஸ்காட்டுக்கே குழம்பிப்போயிருந்தது, ஓட்ஸ் எழுந்து புயலுக்குள் போனார். 17 என்றால் அது அவருடைய 32-வது பிறந்தநாள்.

ஸ்காட், வில்சன், பௌவர்ஸ் மூவரும் இன்னும் சில நாள் நடந்தார்கள். மார்ச் கடைசியில் கூடாரத்துக்குள்ளேயே இறந்துபோனார்கள். ஒன் டன் டிப்போ அங்கிருந்து இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே. முந்தைய வருஷம் குதிரைகளைக் கொன்றாவது 80 டிகிரிவரை போயிருந்தால், அந்தக் கிடங்கை அவர்கள் ஏற்கெனவே கடந்திருப்பார்கள். அது கிடைத்திருந்தாலும் முகாம்வரை பிழைத்து வந்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. மோசமான வானிலை, எரிபொருள் பற்றாக்குறை, போதாத உணவு எல்லாம் சேர்ந்தே அவர்களைக் கொன்றன. ஆனால் ஓட்ஸ் உயிரோடு இருந்திருக்க வாய்ப்புள்ள பல இடங்களில் அந்தக் கிடங்கும் ஒன்று.

தேடி வந்த இந்தியக் கோவேறு கழுதைகள்

மஞ்சூரியக் குதிரைகளைப் பார்த்து நொந்துபோன ஓட்ஸ், இரண்டாம் வருஷத்துக்கு இந்தியாவிலிருந்து கோவேறு கழுதைகளை வரவழைக்கும்படி ஸ்காட்டுக்கு யோசனை சொல்லியிருந்தார். மலைப்பாதைகளில் ராணுவச் சுமை தூக்கிப் பழகியவை, திடமானவை. அந்த யோசனையை ஸ்காட் ஏற்றுக்கொண்டார். இந்திய அரசு ஏழு கோவேறு கழுதைகளை முறையாகப் பழக்கி, பனிக்காலணி, வெயில் கண்ணாடி சகிதம் அனுப்பிவைத்தது. லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப் என்று பெயர்கள். 1912 தொடக்கத்தில் அவை கேப் எவன்ஸில் இறங்கியபோது ஓட்ஸ் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இருந்தார். அவற்றை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த குளிர்காலத்தை அந்த ஏழும் அதே லாயத்தில் கழித்தன. வசந்தம் வந்ததும், காணாமல் போனவர்களைத் தேடும் குழு அவற்றைக் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தது. இழுப்பதில் குறை சொல்ல முடியவில்லை. சாப்பாட்டில்தான் அடம், கொடுத்த தானியத்தை ஒதுக்கிவிட்டு, தேயிலைச் சக்கையையும் கயிற்றையும் மென்றன. நவம்பர் 12-ல் முன்னால் போன கோவேறு கழுதைக் குழுதான் பனியில் புதைந்த கூடாரத்தைக் கண்டது. உள்ளே மூன்று உடல்கள். ஸ்காட்டின் குறிப்பேட்டில் ஓட்ஸ் போன கதை இருந்தது.

ஓட்ஸின் உடலைத் தேடி இன்னும் தெற்கே போனார்கள். கிடைத்தது அவருடைய தூக்கப் பையும், வீங்கிய காலை நுழைப்பதற்காக முன்பக்கம் கீறப்பட்ட ஒரு ரோமக் காலணியும் மட்டும். பனியைக் குவித்து மேடாக்கி, மேலே ஒரு சிலுவை நட்டு, அவரைப் பற்றிச் சில வரிகள் எழுதி வைத்துவிட்டு, கழுதைகளை வடக்கே திருப்பினார்கள்.